ஏறுதியா, இறங்குதியா?

பொன்மணி: படத்தை ஏன் நிப்பாட்டுனீங்க, அண்ணாச்சி?

செல்வக்குமார்: படியேறி வந்ததும் வராததுமா என்ன சத்தம்? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. மிஷின் இருக்க இடம்லா.

பொன்மணி: கழட்ட மாட்டேன். மொதல்ல பதிலைச் சொல்லுங்க.

வெள்ளைத்தாய்: நான் செருப்பே போடாமத்தான் ஓடி வந்தேன். ஏலே செல்வம், அடுப்புல பசை கொதிக்கு. ஒட்டுன தீப்பெட்டி எல்லாம் முத்தத்துல கெடக்கு. அம்புட்டையும் போட்டுட்டு வந்திருக்கேன், பாத்துக்கோ.

செல்வக்குமார்: அத்தை, நீங்களுமா? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களோ?

வெள்ளைத்தாய்: நான் எதுக்குப் பேசி வைக்கப் போறேன்? கீழ இவ எஸ்.டி.டி. பூத்தைப் பூட்டிக்கிட்டு நின்னா. எங்கட்டி கெளம்பிட்டன்னேன். கேபிள்காரரை நாலு வார்த்தை கேக்கப் போறேன்னா. அட, நானும் அதுக்குத்தான்ட்டி போறேன்னு கூடவே ஏறிட்டேன்.

செல்வக்குமார்: பட்டப்பகல்ல பூத்தைப் பூட்டிட்டு வந்தியா? வெளங்கிரும்.

பொன்மணி: என் பூத்து. நான் பூட்டுவேன், தொறப்பேன். நீங்க படத்தைப் பத்திச் சொல்லுங்க.

செல்வக்குமார்: மூணாவது சிடி கீறல் விழுந்து போச்சு. போன தடவையும் இதைத்தான் சொன்னேன், அதுக்கு முந்தின தடவையும் இதைத்தான் சொன்னேன். ஓடலைன்னா ஓடலை. நான் என்ன படம் எடுத்தவனா? வெறும் கேபிள்காரன்.

வெள்ளைத்தாய்: பல்லு விளக்குத பேஸ்ட்டை வச்சுத் தேய்லே. எம் மவன் அப்படித்தான் தேய்க்கான். ஓடுதுல்லா.

செல்வக்குமார்: தேய்ச்சாச்சு.

வெள்ளைத்தாய்: தேங்கா எண்ணெய்?

செல்வக்குமார்: தோசையா ஊத்தப் போறேன்? சும்மா இருங்க அத்தை. பொன்மணி, அந்தச் சன்னலை விட்டுத் தள்ளி நில்லு. காத்து வரலை.

பொன்மணி: ஃபேன் ஓடுதுல்லா.

செல்வக்குமார்: அது மிஷினுக்கு.

பொன்மணி: அப்போ வேர்த்துக்கிட்டே பேசுங்க.

வெள்ளைத்தாய்: நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுலே. மாசக்கணக்கா இந்த ‘சொர்ணம் ஊருக்குப் போறா’ படத்தைப் போடுத. ஒரு நாளாவது முழுசாப் போட்டியா? அந்தப் புள்ள ஒரு காலைத் தூக்கிப் பஸ் படியில வைக்கா. ஒரு கால் தரையில இருக்கு. கையில ஒயர் கூடை, கூடைக்குள்ள சேவல். கண்டக்டர் விசிலை வாயில வச்சுக்கிட்டு, ‘ஏறுதியா, இறங்குதியா’ங்கான். அவ பதில் சொல்ல வாயைத் தொறக்கா... நீலம்! டிவி பூரா நீலம்! மறுபடி நீ மொத சிடியைப் போட்டா, சுத்திச் சுத்தி வந்து அந்தப் படியிலேயே நிக்கா. அவளுக்குக் கால் கடுக்காதாலே?

செல்வக்குமார்: அவ நடிகை. எப்பமோ இறங்கி வீட்டுக்குப் போயிருப்பா.

வெள்ளைத்தாய்: எங்களுக்குக் கடுக்குதேலே! ராதாமணி என்ன சொல்லுதா தெரியுமா? அவ இறங்கிப் போய் அண்ணன் கால்ல விழுந்துருவாளாம். வேலுத்தாய், இல்லட்டி, அவ அந்தக் கண்டக்டரையே கட்டிக்கிடுவாங்கா. நான், ரெண்டும் இல்லை, அவ சேவலை மட்டும் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு நின்னுருவான்னேன். அதுல எனக்கும் வேலுத்தாய்க்கும் பேச்சே இல்லை இப்பம்.

செல்வக்குமார்: சண்டை போடுங்க. நல்லாப் போடுங்க. ஒரு படத்தால எனக்கு எம்புட்டு ஏச்சுன்னு யாருக்காவது தெரியுமா? பாண்டியராஜன் வந்து எம் சட்டையைப் பிடிக்கான். அவன் பொண்டாட்டி சைக்கிள் பழகணும்னு நிக்காளாம். எதுக்குட்டின்னு கேட்டா, சொர்ணம் பழகுனாள்லாங்காளாம். சண்முகராஜ் அம்மா புரோட்டாக் கடை பெஞ்சுல ஆம்பளைங்க மத்தியில போய் உக்கார்ந்து, சால்னா ஊத்துடாங்காவ. கடைக்காரன் எனக்குப் போன் பண்ணி ஏசுதான்!

வெள்ளைத்தாய்: அவிய பசிக்கு அவிய தின்னாவ. ஒனக்கென்ன?

செல்வக்குமார்: எனக்கென்னவா? காலையில இருந்து எங்க வீட்டுச் சேவலைக் காணோம் அத்தை! அம்மன் கோயில் கொடை விழாவுல வெட்டன்னு நேர்ந்து விட்ட சேவல். இந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் எவளோ கூடையில தூக்கி வச்சுக்கிட்டுப் போயிருக்கா.

பொன்மணி: ...

செல்வக்குமார்: என்ன, பேச்சைக் காணோம்?

பொன்மணி: ஒங்க வீட்டுச் சேவலுக்கு நான் என்ன காவக்காரியா? சேவலைப் பேசிப் படத்தை மழுப்பாதீங்க.

வெள்ளைத்தாய்: காணாமப் போகாம என்ன செய்யும்? விடியக்காலையிலேயே ஒங்க வீட்டுல டிவி அந்த அலறு அலறுது. எங்க வீட்டுச் செவுரே அதிருது. சேவல் பயந்து ஓடியிருக்கும்.

செல்வக்குமார்: ...சன்னலை விட்டுத் தள்ளு பொன்மணி.

பொன்மணி: மாட்டேன்.

செல்வக்குமார்: ஏட்டி, சொன்னாக் கேக்க மாட்டியா?

பொன்மணி: யாரை ‘ஏட்டி’ங்கீங்க? ஒங்க தங்கச்சியை அதட்டுத மாதிரி என்னை அதட்டிப்புடலாம்னு பாக்கீங்களா? அவ தலையைக் குனிஞ்சுக்கிடுவா. நான் குனிய மாட்டேன்.

செல்வக்குமார்: சந்தனமாரியை எதுக்கு இழுக்க இதுல?

பொன்மணி: அவளுக்காகத்தானே மூணாவது சிடியை ஒளிச்சு வச்சிருக்கீங்க?

செல்வக்குமார்: ஒளிச்சு வச்சேனா? யார் சொன்னா?

பொன்மணி: யாரும் சொல்ல வேண்டாம். மத்த படமெல்லாம் கீறல் விழுந்து திக்கித் திக்கி ஓடும். இது மட்டும் ஒவ்வொரு தடவையும் சரியா அந்தப் படியில வந்து நிக்குது. மொத சிடி கண்ணாடி மாதிரி ஓடுது. ரெண்டாவதும் ஓடுது. மூணாவதுல மட்டும் கீறலாம்.

வெள்ளைத்தாய்: ஏலே... அப்போ கீறலே இல்லையா?

செல்வக்குமார்: அத்தை, அவ சொல்லுதான்னு...

வெள்ளைத்தாய்: கீறல் இருக்கா, இல்லையா?

செல்வக்குமார்: அது வந்து அத்தை...

வெள்ளைத்தாய்: அட நாசமாப் போறவனே! பேஸ்ட் வச்சுத் தேய்ன்னு நான் மெனக்கெட்டுச் சொல்லுதேன். தேய்ச்சாச்சுன்னு பல்லை நெறிச்சுக்கிட்டுச் சொல்லுத!

பொன்மணி: கேளுங்க அத்தை. படத்துல சொர்ணம் யாரு? தாலியறுத்துட்டு அண்ணன் வீட்டுல கெடக்கவ. அண்ணன் சேவலைக் கையில கொடுத்து, கோயில்ல விட்டுட்டு இருட்டுததுக்குள்ள வந்துருன்னு அனுப்புதான். அவ கோயிலுக்கே போகலை. ஊர் ஊராச் சுத்துதா. ஆசைப்பட்டதைத் திங்கா, எழவு வீட்டுல போய்ச் சிரிச்சுப்புடுதா, கெணத்துல குதிச்சு நீந்துதா. சரி, இந்த அண்ணாச்சி வீட்டுல யாரு இருக்கா? தாலியறுத்த தங்கச்சி. அவ பார்த்திரக் கூடாது. அதுக்குத்தான் ஊருக்கே நீலத்தைக் காட்டுதாவ.

செல்வக்குமார்: ஆமா! ஒளிச்சுத்தான் வச்சேன்! என் கேபிள், என் சிடி. இப்பம் அதுக்கென்ன?

பொன்மணி: ஏன் இப்படிக் கத்துதீங்க? நான் பக்கத்துலதான நிக்கேன்.

செல்வக்குமார்: கத்துவேன்! கீழ டீக்கடை வரைக்கும் கேக்கட்டும்! ஏன், ரோடு பூராக் கேக்கட்டும்!

பொன்மணி: நல்லாக் கேக்கட்டும். அப்படியே அந்தப் போன் விசயத்தையும் கத்துங்க.

செல்வக்குமார்: எந்தப் போன்?

பொன்மணி: தூத்துக்குடியில இருந்து வந்துச்சே, லேடீஸ் ஆஸ்டல்ல இருந்து. அங்கன மேட்ரன் வேலைக்குச் சந்தனமாரி எழுதிப் போட்டிருந்தா. தங்க எடம், சாப்பாடு, எல்லாம் அங்கனயே. வீட்டுல போன் கெடையாதேன்னு இந்த நம்பரைக் கொடுத்திருந்தா. அவிய கூப்பிட்டு, சந்தனமாரின்னு ஒரு பொண்ணு இருக்காளான்னு கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க? சொல்லுங்க. ரோடு பூராக் கேக்கட்டும்.

செல்வக்குமார்: ராங் நம்பர்னேன்.

வெள்ளைத்தாய்: ஏலே!

பொன்மணி: கூடப் பொறந்தவ பேரைச் சொல்லிக் கேட்டதுக்கு ராங் நம்பராம் அத்தை. நல்ல வேளை, அவ என் பூத்து நம்பரையும் சேர்த்து எழுதியிருந்தா. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, ‘ஏம்மா, அந்த வீட்டுல அப்படி யாரும் இல்லைங்காங்களே’ன்னாவ. எனக்கு மூஞ்சியை எங்கன கொண்டு போய் வைக்கன்னு தெரியலை.

செல்வக்குமார்: அவளுக்கு இங்கன என்ன கொறை? சொல்லு. சோறு போடலையா? துணிமணி எடுத்துக் கொடுக்கலையா? எம் புள்ளைக அவளை ஒரு சொல்லு சொல்லியிருக்குமா?

பொன்மணி: புள்ளைக சொல்லாது. அவதான வளக்கா. உமாதேவி மதினி விடியமுன்ன தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுல ஏறிருதாவ. அதுக்குப் பெறகு அந்த வீட்டுல அடுப்பு, தண்ணி, துணி, புள்ளைக, ஒங்களுக்கு மத்தியானச் சோறு, எல்லாம் யாரு? புருசன் செத்த பெறகு கழுகுமலைக் கோயிலைத் தாண்டி அவ எங்கன போயிருக்கா? போன பொங்கலுக்கு நான் ஒரு பூப்போட்ட சேலை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புக் கலையாம அப்படியே இருக்கு. கட்டுட்டின்னா, அண்ணன் மூஞ்சி சுளிக்கும்ங்கா.

செல்வக்குமார்: நான் சுளிச்சா ஒருத்தன்தான் சுளிப்பேன். இந்தத் தெருவே சுளிக்குமே, அதை யாரு தாங்க?

வெள்ளைத்தாய்: நான் எதுக்குலே சுளிக்கப் போறேன்? எனக்குத் தீப்பெட்டி ஒட்டவே நேரம் இல்லை.

செல்வக்குமார்: அத்தை, நீங்க சும்மா இருங்க. அவ புருசன் செத்தன்னைக்கி மைனர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு எவன் எவனோ வந்து நின்னான். ஒருத்தனாவது பெறகு எட்டிப் பார்த்தானா? நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். பொட்டியைத் தூக்கிட்டுப் பின்னாலேயே வந்தா. பஸ்ஸுல வாயைத் தொறக்கலை. வீட்டுக்கு வந்தும் தொறக்கலை. எத்தனையோ மாசம்... சிரிப்புங்கதே மறந்து போச்சு அவளுக்கு.

பொன்மணி: தெரியும்.

செல்வக்குமார்: ஒனக்கு என்ன தெரியும்? இந்தப் படத்தை மொதமொதல்ல போட்டன்னைக்கி, வயர் ஏதோ லூசாயிருக்குன்னு வீட்டுக்குப் போனேன். கண்டக்டர் அந்தச் சேவலுக்கும் டிக்கெட் கேக்க சீன் ஓடுது. இவ டிவி முன்னால உக்கார்ந்து... வாயைப் பொத்திக்கிட்டு, முதுகு குலுங்கச் சிரிக்கா. நான் வாசல்ல அப்படியே நின்னேன். உள்ள போனா நிப்பாட்டிருவாளோன்னு போகவே இல்லை. இம்புட்டு ஏச்சு வாங்கிக்கிட்டும் ஏன் அதையே போடுதேன்னு நெனைக்க? நீங்க போன் பண்ணிக் கேக்கீங்கன்னா? இப்பம் பேசு.

பொன்மணி: பேசுதேன். அவ சிரிக்கணும். ஆனா ஏறிரக் கூடாது. அப்படித்தான? சிரிச்சுக்கிட்டே அந்தப் படியில ஒத்தைக் கால்ல நிக்கணும். நீங்க தெனமும் வந்து பார்த்துட்டுப் போவீங்க. நல்லா இருக்கே ஒங்க பாசம்!

செல்வக்குமார்: வாயை மூடு.

பொன்மணி: மூட மாட்டேன். கோவம் வருதுல்லா? எனக்கு எத்தனை நாளா வருது தெரியுமா?

வெள்ளைத்தாய்: ரெண்டு பேரும் செத்த நிப்பாட்டுங்க. எனக்குத் தல சுத்துது. ஏலே செல்வம், நீ மூணாவது சிடியைப் பார்த்துட்டல்லா?

செல்வக்குமார்: பார்த்தேன். எதையும் நான் மொதல்ல பார்த்துட்டுத்தான் போடுவேன்.

வெள்ளைத்தாய்: அவ ஏறுதாளா, இறங்குதாளா?

செல்வக்குமார்: ஏறுதா.

வெள்ளைத்தாய்: ஏறிட்டாளா! நெனைச்சேன்... இல்லை, நெனைக்கலை. சரி, ஏறி? கோயிலுக்குப் போறாளா?

செல்வக்குமார்: போகலை. கண்டக்டரையும் கட்டலை, அண்ணன் கால்லயும் விழலை. கடல் இருக்க ஊர்ல போய் எறங்கிக்கிடுதா. ஒரு வீடு புடிக்கா. அந்தச் சேவல் வாசல்ல நின்னு கூவுது. அவ எந்திரிக்காமப் படுத்துக் கெடக்கா. விடிஞ்ச பெறகும் தூங்குதா. அதோட படம் முடிஞ்சு போச்சு.

வெள்ளைத்தாய்: தூங்குதாளா? அம்புட்டுதானா?

செல்வக்குமார்: அம்புட்டுதான். திரும்பி வரவே இல்லை.

வெள்ளைத்தாய்: ...விடிஞ்ச பெறகும் தூங்குதா. ஆத்தாடி. நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படி ஒரு நாள் தூங்கலையே.

செல்வக்குமார்: அவ தூங்குவா! அண்ணன்காரன்? அதைக் கேளுங்க. அவன் சாயங்காலம் பஸ் நிக்க எடத்துல போய் நிக்கான். ஒரு பஸ் வருது, எட்டிப் பாக்கான். அடுத்த பஸ் வருது, எட்டிப் பாக்கான். பின்னால நாதஸ்வரத்துல கோணலா ஒரு பாட்டு. பாக்கவன் சிரிக்கணுமாம். சிரிப்புப் படமாம்! நான் இந்த நாற்காலியில ஒத்தையில உக்கார்ந்து பார்த்தேன். எவனாவது சிரிப்பானா அதுக்கு? அவன் என்ன தப்புப் பண்ணான்? சோறு போட்டான், நிழல் கொடுத்தான். அவனை ஏன் கோமாளி ஆக்கணும்?

பொன்மணி: ஒரு தடவை, எங்க போகணும்னு ஆசைப்படுதன்னு அவளைக் கேட்டிருந்தா அவன் கோமாளி ஆகியிருக்க மாட்டான்.

செல்வக்குமார்: சன்னலை விட்டுத் தள்ளு!

பொன்மணி: இப்பம் சன்னல் என்ன செஞ்சுச்சு ஒங்களை?

செல்வக்குமார்: எனக்கு மூச்சு முட்டுது. தள்ளு.

பொன்மணி: சிடியைப் போடுங்க, தள்ளுதேன்.

வெள்ளைத்தாய்: அதானே. கதையைத்தான் சொல்லிட்டியே, இனி எதுக்கு ஒளிக்க? அந்த டிராயர்லதான வச்சிருப்ப? எடு. நான் அவ தூங்குததைப் பார்க்கணும்.

செல்வக்குமார்: எடுத்துட்டாப் போச்சு. இந்தா... இந்தப் பாழாப் போன டப்பா. இதைக் கொண்டு போய் வீட்டுல பொங்கல் வச்சுக் கும்பிடுங்க.

வெள்ளைத்தாய்: என்னலே, உள்ள ஒண்ணுமே இல்லை? வெறும் டப்பாலா இது?

பொன்மணி: சிடி எங்க, அண்ணாச்சி?

செல்வக்குமார்: எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.

வெள்ளைத்தாய்: எலி தூக்கிட்டுப் போய் என்ன செய்யும்? படம் பாக்குமா?

செல்வக்குமார்: பாக்கும் அத்தை. இந்த ஊர்ல இப்பம் எலி கூடப் படம் பாக்கும். மத்தியானச் சோத்தைக் கொண்டாந்து வச்சுட்டு, நான் கை கழுவப் போற நேரத்துல டிராயரைத் தொறக்கும். பெறகு எவளாவது கூட்டாளி வீட்டுல போட்டுப் பாக்கும். என்ன முழிக்க, பொன்மணி? கையில என்ன பை அது?

பொன்மணி: எனக்குச் சோறு.

செல்வக்குமார்: பூத்துலேயே வச்சுத் திங்க வேண்டியதுதான? மாடிக்குக் கொண்டாந்து ஆட்டிக்கிட்டு நிக்க.

பொன்மணி: எங்க வேணாலும் திம்பேன்.

வெள்ளைத்தாய்: எவன்லே இவன், இப்படி ஹாரன் அடிக்கான்? காது கிழியுது. ரோட்டுல மாடு கெடக்கு போல.

பொன்மணி: தூத்துக்குடி பஸ்ஸு.

செல்வக்குமார்: தள்ளு பொன்மணி.

பொன்மணி: தள்ள மாட்டேன்.

செல்வக்குமார்: ஏட்டி, தள்ளுங்கேன்லா!

பொன்மணி: கொன்னாலும் தள்ள மாட்டேன்!

வெள்ளைத்தாய்: ஏன்ட்டி இப்படிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்க? முதுகுக்குப் பின்னால கையை விட்டு யாருக்குட்டி ஆட்டுத? ...போயிட்டான். அப்பாடா.

பொன்மணி: போயிட்டான். ...இப்பம் தள்ளுதேன். நல்லாக் காத்து வாங்குங்க, அண்ணாச்சி. இந்தாங்க பை. இது எஞ் சோறு இல்லை. ஒங்க சோறு. அவதான் கொடுத்து விட்டா.

வெள்ளைத்தாய்: எவ கொடுத்து விட்டா? ...ஏ, இது சந்தனமாரி கொண்டு வார கேரியர்லா?

பொன்மணி: ஆமா அத்தை. மேலடுக்குல கத்தரிக்காப் புளிக்கொழம்பு வச்சிருக்கா. அண்ணனுக்குப் பிடிக்கும்னா. அடியடுக்குல சோறு இல்லை. மூணாவது சிடி இருக்கு. துணியில சுத்தி வச்சிருக்கா. ஒரு கீறல் கெடையாது.

வெள்ளைத்தாய்: ஏட்டி... அப்போ அவ எங்க?

பொன்மணி: இப்பம் போச்சே அந்தப் பஸ்ஸுல. நான் எடுத்துக் கொடுத்த பூப்போட்ட சேலையைக் கட்டிக்கிட்டு. மடியில ஒயர் கூடை. கொடைக்கு நேர்ந்து விட்ட சேவல் கூடைக்குள்ள.

வெள்ளைத்தாய்: ஆத்தாடி, ஆத்தாடி! சேவலையுமா!

பொன்மணி: அது அவ தவிடு வச்சு வளத்த சேவல். வெட்டக் கொடுக்க மனசு இல்லைன்னா. அண்ணாச்சி, ஏசணும்னா என்னை ஏசுங்க. படத்துக்காக நான் வரலை. அவ பஸ் ஏறி இந்த ரோட்டைத் தாண்டுத வரைக்கும் ஒங்களை இங்கனயே பிடிச்சு வைக்கணும், சன்னல் வழியாப் பார்த்துட்டு எறங்கி ஓடிப் பஸ்ஸை மறிச்சிரக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன். என்னென்னமோ பேசிட்டேன். ஆனா, பேசுனது ஒண்ணும் பொய் இல்லை. எந்திரிச்சு ஓடுவீங்கன்னு படிக்கதவு தாப்பாளைக் கூடப் போட்டுட்டுத்தான் வந்தேன். நீங்க ஒரு தடவை கூட நாற்காலியை விட்டு அசையலையே.

செல்வக்குமார்: எதுக்கு அசையணும்?

பொன்மணி: சேவல் காணோம்னு சொல்லும்போதே எனக்குத் திக்குன்னு ஆச்சு.

செல்வக்குமார்: ஆகட்டும்னுதான் சொன்னேன்.

பொன்மணி: என்னது?

செல்வக்குமார்: ஆஸ்டல் போனை எடுத்தது நான்தான? ராங் நம்பர்னு வைக்கதுக்கு முன்னால, என்னைக்கு வந்து சேரணும்னு அந்த அம்மா சொல்லிட்டாவ. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ளன்னு. கேட்ட காது இது. மறக்குமா?

வெள்ளைத்தாய்: ஏலே செல்வம்... அப்போ ஒனக்கு...

செல்வக்குமார்: விடியக்காலையில டிவி அலறுச்சுன்னீங்கல்லா அத்தை? எதுக்கு அலறுச்சு? சந்தனமாரி கொல்லையில சேவலைப் பிடிக்கா. அது கெடந்து கத்துது. உமாதேவி வேலைக்குப் போக முழிச்சுக் கெளம்புத நேரம். கொல்லைக்கு வந்தாள்னா அம்புட்டும் போச்சு. சத்தத்தைக் கூட்டி வச்சேன். ஏன் இப்படி அலற விடுதீங்கன்னு அவ என்னை ஏசுதா. நானும் திருப்பி ஏசுதேன். ரெண்டு பேரும் ஏசிக்கிட்டே இருக்க, அங்கன சேவல் கூடைக்குள்ள போயிருச்சு.

பொன்மணி: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா எங்கிட்ட இந்த மல்லுக்கு நின்னீங்க?

செல்வக்குமார்: பெறகு? போயிட்டு வாட்டின்னு தலையைத் தடவி அனுப்பவா? நாளைக்கே இந்தத் தெரு, தாலியறுத்த தங்கச்சியை வேலைக்கு வெரட்டிட்டு உக்கார்ந்து திங்கான்னு சொல்லும். நான் கத்துனேன்னு இருக்கட்டும். டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்லா? அத்தை, நீங்களும் சொல்லுங்க. செல்வம் அந்தக் கத்துக் கத்துனான்னு சொல்லுங்க.

வெள்ளைத்தாய்: சொல்லுதேன்லே... சொல்லுதேன். கண்ணைத் தொடச்சுக்கோ மொதல்ல.

செல்வக்குமார்: அது வேர்வை.

பொன்மணி: அண்ணாச்சி... இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?

செல்வக்குமார்: எங்க சொல்ல விட்ட? நீ வந்ததுல இருந்து சன்னலை விட்டுத் தள்ளு, தள்ளுன்னு தொண்டை கிழியக் கத்துதேன்... காத்து வாங்கவாட்டி கத்துனேன்?